கந்தசாமிப் பிள்ளையின் கணக்கு

இந்த வாரம் சறுக்குக்கட்டை பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனித் தேர் நிலைக்கு வந்தாயிற்று. 2024-ல் வடம் அறுந்து அறுந்து ஊரே கைபிசைந்து நின்றதை அப்போதே இந்தப் பத்தியில் எழுதித் தீர்த்துவிட்டேன். ஆகவே இம்முறை, அவ்வளவு பெரிய தேரை முக்குக்கு முக்கு திருப்புகிற ஆட்களைப் பற்றி, சக்கரத்தடியில் கட்டையைச் செருகிவிட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் விலகுகிறவர்களைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். கெடுத்தவன் என் தங்கை மகன்.

பெங்களூரில் வேலை. தேர் பார்க்க வந்தவன் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, "மாமா, இங்க பாருங்க" என்றான். திரையில் நெல்லையப்பர் கோயில், சுற்றி நாலு ரத வீதி. வீதிகளில் புள்ளிகள் மொய்த்துக்கொண்டு ஊர்ந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆளாம். புறப்படும் இடத்தையும் போய்ச் சேரும் இடத்தையும் கொடுத்துவிட்டால் போதுமாம், வழியை அதுவே பார்த்துக்கொள்ளும். எதிரே வரும் புள்ளிக்கு விலகும், சுவரில் மோதாது, கூட்டம் அடைத்தால் மெதுவாகும். எந்த முக்கில் பந்தல் போட்டால் எங்கே நெரியும் என்று தேருக்கு முன்னாலேயே பார்த்துவிடலாம் என்றான்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. எரிச்சலும் அதனால்தான். நம் ரத வீதியில் ஒருத்தரும் அப்படி நடப்பதில்லை. எல்லாப் புள்ளியும் கடை வாசலை ஒட்டி, வீதியோரமாக, உள்ளதில் குறுக்கு வழியாகப் பார்த்து, எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"இதுல நிழல் எங்கல?"

"நிழலா?"

"எல்லாரும் வெயில்லயா நடக்காவ?"

"அத பின்னால சேத்துக்கிடலாம் மாமா. இது சும்மா முதல் மாடல்."

நிழலைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொல்கிறான் என்றால் அவன் ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று அர்த்தம். திருநெல்வேலி 8.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி நடுவிலும் உச்சிப்பொழுதுச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நமக்கு வடக்கே போய்விடும். எனவே ஆனி மாத நடுப்பகலில், கிழமேலாக ஓடுகிற தெற்கு ரத வீதியிலும் வடக்கு ரத வீதியிலும் வடக்குச் சிறகுக் கடைகளின் காலடியில்தான் நிழல். ஐந்து மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றேகால் மீட்டர் சொச்சம் நிழல் தரும். ஓர் ஆள் நடக்கலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் வெயிலில் இறங்க வேண்டும். மார்கழியில் கதை வேறு. சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும், அதே உயரக் கட்டடம் மூன்று மீட்டர் நிழல் தரும், ஆனால் தெற்குச் சிறகில். ஒரே வீதியில் ஒரே ஆள் ஆனியில் ஒரு பக்கமும் மார்கழியில் மறுபக்கமும் நடப்பார். யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, கால் தானாகப் போகும்.

அந்த ஒன்றேகால் மீட்டராவது நடக்கிறவருக்குக் கிடைக்கிறதா? இந்த இடத்தில் பழைய வாசகர்கள் பக்கத்தைப் புரட்டத் தொடங்குவார்கள் என்று தெரியும். பிளாட்பாரம் பற்றி நான் புலம்பாத மாதம் கிடையாது. முழங்கால் உயரத்துக்குத் திண்டு கட்டிவிட்டு அதற்கு நடைபாதை என்று பெயர் வைப்பதைப் பற்றியும், ஆடுகிற சாக்கடை ஸ்லாப் பற்றியும் எழுதி எழுதி இந்தப் பத்திக்கே 'ஸ்லாப் பத்தி' என்று பெயர் வந்துவிட்டதாம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட 103-ஆம் எண் வழிகாட்டி, தடங்கலே இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அவ்வளவு தேவை. திண்டின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இதையும் முன்பே எழுதியிருக்கிறேன். மறுபடி எழுதுவதில் எனக்குச் சலிப்பில்லை.

இம்முறை புதிதாகவும் ஒன்று சொல்ல இருக்கிறது. பைக்கை நிறுத்துகிறவரும் நிழலைத்தான் தேடுகிறார். வெயிலில் விட்டால் திரும்பி வரும்போது சீட்டில் உட்கார முடியாது. ஆகவே நிழல் விழும் கீற்று முழுக்க வண்டிகள் அணிவகுத்து நிற்கின்றன. கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவும், பள்ளிக்கூடப் பையன்களும், கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவரும் நடு வீதியில், ஆட்டோவுக்கும் வேனுக்கும் நடுவே, சுள்ளென்ற வெயிலில் நடக்கிறார்கள். மார்கழியில் வண்டிகள் எதிர்ச்சிறகுக்கு மாறும், அங்கேயும் இதே கதை. வண்டிக்கு நிழல், மனுஷனுக்கு வெயில். தங்கை மகனின் புள்ளிகள் ஓரத்தில் நடப்பதும் நம் ஆட்கள் நடுவில் நடப்பதும் இதனால்தான். இதை நான் எந்த அலுவலகத்துக்கும் மனுவாக எழுதவில்லை. எழுதினால் நிழலுக்கும் டோக்கன் போட்டுக் கட்டணம் வசூலிப்பார்கள்.

கோபம் கொஞ்சம் ஆறியதும், புள்ளிகளை நடக்கவிடும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1995-ல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் என்ற இருவர் இயற்பியல் ஏடு ஒன்றில் எழுதிய கட்டுரையிலிருந்து பெரும்பகுதி கிளைத்திருக்கிறது. போக வேண்டிய இடம் ஆளை இழுக்கிறது, மற்ற ஆட்களும் சுவர்களும் தள்ளுகின்றன, இரண்டுக்கும் நடுவே அவர் நடக்கிறார். இவ்வளவுதான் அடிப்படை. இதை மட்டும் வைத்துக்கொண்டே, எதிரெதிராக வரும் இரண்டு கூட்டம் யாரும் சொல்லாமல் தடம் பிரித்துக்கொள்வதைக் கணினியில் காட்டிவிட்டார்கள். நான் எதிர்பாராத ஒன்றும் அதில் இருந்தது. வழியில் தெரிந்த முகம், வேடிக்கை காட்டுகிறவர், கடைக் கண்ணாடி இவற்றின் கவர்ச்சிக்கும் அந்தச் சமன்பாட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நேரம் ஆக ஆகக் கவர்ச்சி குறையும் என்றுகூட யோசித்திருக்கிறார்கள். உன் கணக்கில் அந்த இடத்தில் என்ன எண் போட்டிருக்கிறாய் என்று பையனைக் கேட்டேன். சைபராம். சாயங்காலம் இருட்டுக்கடை திறக்கிற நேரத்துக் கீழ ரத வீதிக்குச் சைபர் போட்ட ஆள் பூமியில் இவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

ஹெல்பிங்கும் இரண்டு ஹங்கேரிய விஞ்ஞானிகளும் 2000-ல் நேச்சர் இதழில் எழுதியதும் பிரபலம். வாசலில் எல்லோரும் முந்தினால் எல்லோரும் பிந்துவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆற்றங்கரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. பாளையங்கோட்டைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே பாலம் இல்லாத நாளில், படகில் யார் முந்தி ஏறுவது என்று மூண்ட கலகத்தில் உயிர்கள் போன பிறகுதான் சுலோசன முதலியார் கைப்பணம் போட்டுப் பாலம் கட்ட முன்வந்தார் என்பது நம் ஊர் வரலாறு. 1843-ல் அது திறந்தது.

இன்னொன்று, இதை வாசித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். தடையில்லாமல் நடக்கும் மனிதரின் சராசரி வேகம் நொடிக்கு 1.34 மீட்டர் என்று சூரிச்சில் உல்ரிச் வைட்மான் 1993-ல் தொகுத்த கணக்கைத்தான் பல மாடல்களும் எடுத்துக்கொள்கின்றன. அது எல்லா ஊருக்கும் பொருந்துமா என்று பார்க்க, கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த உஜ்ஜல் சட்டராஜும் பார்த்த சக்ரவர்த்தியும், ஜெர்மனியின் யூலிஹிலிருந்து அர்மின் சைஃப்ரீடும் சேர்ந்து, இரண்டு நாட்டு ஆட்களையும் ஒரே மாதிரி நடைகூடத்தில் ஒற்றை வரிசையாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. முன்னால் போகிறவருக்கும் தனக்கும் நடுவே இந்தியர்கள் விடும் இடம் குறைவு. கூட்டம் கூடக் கூட ஜெர்மானியர் வேகம் குறைகிற அளவுக்கு நம்மவர் வேகம் குறைவதில்லை. ஒழுங்கு குறைந்த இந்திய நடைதான் ஒழுங்கான ஜெர்மானிய நடையைவிடக் காரியத்துக்கு உதவுகிறது என்று அவர்களே வியந்திருக்கிறார்கள். வரிசையில் முதுகில் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறவரைத் திட்டி நான் எழுதிய பழைய பத்தியை யாரும் இப்போது எடுத்துக் காட்ட வேண்டாம்.

இவ்வளவு படித்த பிறகும் மனசு கந்தசாமிப் பிள்ளையிடம்தான் போய் நின்றது. புதுமைப்பித்தனை இழுக்காமல் உமக்கு ஒரு வாரமும் ஓடாதா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். ஓடாது.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943-ல் கலைமகளில் வந்தது. எல்லோருக்கும் கடவுள் காப்பி குடித்ததும் ஆடியதும்தான் ஞாபகம் இருக்கும். கடவுள் வருவதற்கு முந்தைய சில வரிகளை யாரும் கண்டுகொள்வதில்லை. நம் மேலகரத்துக்காரர் கந்தசாமிப் பிள்ளை சென்னையில் பிராட்வே முனையில் நின்றபடி வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசிக்கிறார். வீடு திருவல்லிக்கேணியில். டிராம் என்றால் சில்லறை மிஞ்சும், வெற்றிலை பாக்குக்கு ஆகும். பஸ் என்றால், கண்டக்டர் கண்ணில் மண்ணைத் தூவி சென்ட்ரல் தாண்டுகிறவரை ஓட்டிவிட்டு அதற்குப் பிறகு டிக்கெட் எடுக்க முடிந்தால், அரைக் கப் காப்பிக்கு ஆகும். ஆனால் அப்போது வெற்றிலை கிடையாது.

நான் இதுவரை படித்த வழித்தேர்வுக் கணக்குகளில் இதற்கு ஈடு கிடையாது. எத்தனை மைல், எத்தனை நிமிஷம் என்ற பேச்சே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்த வழியில் போனால் வாயில் என்ன விழும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு லாபம், ஒரு நஷ்டம், பஸ்ஸில் மட்டும் மாட்டிக்கொள்ளும் அபாயம் வேறு. இதே சரக்கைத்தான் அமெரிக்காவில் டேனியல் மெக்ஃபேடன் எழுபதுகளில் கணிதமாக எழுதினார். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் புதிதாக வரும் மெட்ரோ ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு நூற்றுக்கு 15 பேர் என்றது. மெக்ஃபேடன் 6.3 என்றார். ரயில் ஓடிய பிறகு எண்ணிப் பார்த்தால் 6.2. அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம்மவர் கதையை எழுதி முப்பது வருஷம் கழித்துத்தான் அந்தச் சமன்பாடே வந்தது. இந்துக் கல்லூரியில் படித்த ஒருவர் காசு விஷயத்தில் இவ்வளவு துல்லியமாக இருந்திருக்கிறார். கல்லூரிக்காரர்கள் பெருமைப்படலாம்.

புதுமைப்பித்தனின் குசும்பு அதோடு நிற்கவில்லை. பிள்ளை கணக்கை முடிப்பதற்குள் ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். அந்த ஒருவர்தான் கடவுள். எல்லாம் அறிந்தவருக்கே ஊரில் வழி தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் வீடு போய்ச் சேர்வது ரிக்‌ஷாவில். டிராமும் இல்லை, பஸ்ஸும் இல்லை, வெற்றிலைக் கணக்கு காற்றில் போயிற்று. தனியாகப் போகிறவருக்கு ஒரு வழி, துணை கிடைத்தால் வேறு வழி. தேரன்று ரத வீதியில் இறங்கிப் பாருங்கள், பாதிப் பேர் வழியில் கிடைத்த துணைக்காகத் தாங்கள் போக வேண்டிய முக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள்.

தங்கை மகனுக்குக் கதையைச் சொன்னேன். சிரித்தான். சிரித்துவிட்டு, "மாமா, போற வழியும் வார வழியும் வேற வேறன்னு ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, அது உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். பிடித்தது. எம்ஐடியின் சென்சபிள் சிட்டி ஆய்வகத்தார், பாஸ்டன், சான்பிரான்சிஸ்கோ பக்கங்களில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் செல்போன்கள் பெயர் அடையாளம் இல்லாமல் விட்டுச்சென்ற ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான நடைத்தடங்களை எடுத்து அலசி, 2021-ல் நேச்சர் கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். மனிதர்கள் மிகக் குறுகிய வழியில் நடப்பதில்லை. புறப்படும் இடத்திலிருந்து பார்க்கும்போது எந்தத் தெரு போக வேண்டிய திசைக்கு நேராகத் தெரிகிறதோ அதில் காலை வைத்துவிடுகிறார்கள், அது கொஞ்சம் சுற்று என்றாலும் சரி. திரும்பி வரும்போது புறப்படும் முனை மாறிவிடுகிறது, நேராகத் தெரியும் தெருவும் மாறிவிடுகிறது. ஆகவே போன வழியே திரும்புவதில்லை. அந்த ஆய்வகத்தை நடத்தும் கார்லோ ராட்டி, இங்கிலாந்தில் படித்த காலத்தில் தான் ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாக வருவதைக் கவனித்ததில்தான் இந்தக் கேள்வியே தொடங்கியதாம்.

என் ஆச்சியைக் கவனித்திருந்தால் அவர் இங்கிலாந்து வரை போயிருக்க வேண்டாம்.

சாமி சன்னதியிலிருந்து மேல ரத வீதிக்கு எதையாவது வாங்கப் போனால் ஆச்சி தெற்கு ரத வீதி வழியாகத்தான் போவாள், வடக்கு ரத வீதி வழியாகத்தான் திரும்புவாள். ஒரு நாளும் மாறியது கிடையாது. கூடப் போன எனக்குக் கால் வலித்து, வந்த வழியே போகலாம் ஆச்சி என்று இழுத்தால், "சாமிய இடக்கைப் பக்கம் விட்டுட்டா வீட்டுக்குப் போவாவ? நட" என்பாள். கடைக்குப் போனதாகவும் ஆயிற்று, கோயிலை ஒரு சுற்று சுற்றியதாகவும் ஆயிற்று. மேல ரத வீதியின் நடுவில் இருக்கிற கடைக்கு எந்தப் பக்கமாகப் போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் புண்ணியம் அவளுக்குச் சும்மா கிடைத்தது.

ஆனால் வடக்கு முக்குக் காய்கறிக் கடைக்குப் போவது எப்படி? வலம் வர வேண்டும் என்றால் மூன்று வீதியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேரே போனால் கீழ ரத வீதியில் கொஞ்ச தூரம். ஆச்சி நேரேதான் போவாள். கேட்டால் சட்டம் தயாராக இருந்தது: "அது கடைக்குப் போறது. கோயிலச் சுத்துறது இல்ல." எவ்வளவு தூரம் வரைக்கும் பிரதட்சணம், எதற்கு மேல் வெறும் நடை என்ற எல்லைக்கோடு அவள் மனசில் திட்டமாக இருந்தது. அது எத்தனை அடி என்று கேட்டால் அடி எனக்குத்தான் விழுந்திருக்கும். மழைக்காலத்தில் அந்தக் கோடு இன்னும் உள்ளே வரும், அமாவாசையன்று வெளியே போகும். வடக்கு ரத வீதியில் ஒரு வீட்டில் சீட்டுப் பணம் பாக்கி வைத்திருந்த மாதங்களில் மட்டும் சாமி இடக்கைப் பக்கம் வந்தாலும் பரவாயில்லை என்று தெற்கு வழியாகவே திரும்புவாள். அன்றைக்கு என்ன சட்டம் என்று நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் சொன்னதும் பையன் சீரியஸாகக் குறித்துக்கொண்டான். அபராதம் போட்டுவிடலாம் என்றான். அதாவது கணினிக்குள், இடமாகச் சுற்றுகிற புள்ளிக்குக் கொஞ்சம் கூடுதல் தூரம் சேர்த்துவிட்டால் அது முடிந்தவரை வலமாகவே போகப் பார்க்கும், ரொம்பச் சுற்று என்றால் மட்டும் மீறும். அப்படியே செய்து ஓட்டியும் காட்டினான். பாதிப் புள்ளிகள் வலமாகச் சுற்றத் தொடங்கின. ஆச்சியின் பக்தி சரியாக நாற்பது மீட்டர் என்று எண் போட்டு வைத்திருந்தான். பாக்கிப் பணத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். அது ஆளுக்கு ஆள் மாறும் மாமா, தரவு வேண்டும் என்றான். நியாயம்தான். நம் ஊர் ஈரடுக்குப் பாலத்தில் பஸ்ஸுக்கு மேலடுக்கு, சைக்கிளுக்கும் நடையாளுக்கும் கீழடுக்கு என்று பிரித்துக் கட்டியவர்கள்கூடக் கடன்காரனுக்குத் தனி அடுக்கு கட்டவில்லை.

போகிற வழி, வருகிற வழி என்றதும் அவனுக்கு ஒரு சோதனை வைத்தேன். தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் திருச்செந்தூர் பாதயாத்திரை போகிறவர்களை உன் கணினியில் நடக்கவிட்டுப் பார் என்றேன். பச்சை உடுத்தி, வெயிலுக்குப் பயந்து இரவில் நடந்து, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வைட்மான் சொன்ன வேகத்தில் எங்கும் நிற்காமல் போனாலே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிற்காமல் யார் போகிறார்கள்? அன்னதானப் பந்தல் இருக்கிறது, சுக்குக்காப்பி இருக்கிறது, கால் கொப்புளத்துக்கு எண்ணெய் போட்டுவிடுகிறவர் இருக்கிறார். கடைசியில் திருச்செந்தூரில் வந்து குவியும் புள்ளிகள் குவிந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் நடந்து போனவர் ஒருத்தரும் நடந்து திரும்புவதில்லை. அத்தனை தூரம் மூச்சுக் காட்டாமல் நடந்து வந்தவர்தான், கடலில் குளித்து சாமி கும்பிட்டுவிட்டு நெல்லை பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் வீட்டுக்கு நடக்கத் தூரம் என்று, மார்க்கெட் முக்கில் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரோடு சண்டையும் போடுவார்.